இடைவேளைகள் மட்டும்

“அப்பா, இடைவேளைன்னு போட்டாங்களே, ஏன் யாரும் எந்திரிக்கல?”

தாமரை இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கிள்ளானில் ஒரு தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் படங்களில் பாதியில் ‘இடைவேளை’ என்று எழுத்து வரும். நம் ஊர்த் தியேட்டரில் விளக்கு எரியாது, கதவு திறக்காது, அடுத்த நொடியே படம் தொடரும். அவள் அப்பா யுகேந்திரன், “பேசாம பாரும்மா” என்றார். தாமரை இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறாள். கேட்டதை அவள் மறந்துவிட்டாள், அவர் மறக்கவில்லை.

யுகேந்திரன் சுபாங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் தமிழ்ப் படங்களுக்குத் திரையின் அடியில் வரும் மலாய் வசனவரி எழுதுபவர். தொலைக்காட்சிக்குப் போகும் பிரதியிலிருந்து இடைவேளை எழுத்தை வெட்டிவிடுவதும் அவர் வேலைதான். வெட்டிய துண்டுகளை வைத்துக்கொள்ளட்டுமா என்று மேலாளரிடம் கேட்டார். “குப்பைதானே, எடுத்துக்குங்க லா” என்றார் மேலாளர்.

ஏழு வருடத்துத் துண்டுகளைக் கோத்து, தொண்ணூற்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் செய்தார். அவரைப் பொறுத்தவரை அதுதான் சினிமாவின் வரலாறு. கதை கிடையாது, பாட்டு கிடையாது, இடைவேளைகள் மட்டும். கையால் எழுதிய எழுத்து, ரோஜாப்பூவுக்குள் எழுத்து, உறைந்துபோன வில்லனின் மூக்கின் மேல் எழுத்து. பின்னால் அவருடைய குரல்: “முதலில் ரீல் மாற்ற நேரம் வேண்டியிருந்தது. பிறகு முறுக்கு விற்க நேரம் வேண்டியிருந்தது. இப்போது ரீலும் இல்லை, முறுக்கும் இல்லை. ஓய்வு தருகிறோம் என்ற வாக்கு மட்டும் மிச்சம்.”

பிரிக்பீல்ட்ஸில் ஒரு திரைப்பட அன்பர் வட்டம் இருந்தது. அதன் தலைவர் சிவநேசன், பொது விடுமுறையான ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மண்டபம் தர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு விதி. படம் வட்டத்தின் தொகுப்பில் சேர வேண்டுமென்றால், எடுத்தவரைத் தவிர ஒருவராவது முழுவதும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த ஏழு வருடம் யுகேந்திரனின் கணினியிலேயே கிடந்து அவரோடு போய்விடும்.

“அறுபது பேர் வராங்க. ஒருத்தர் இருக்க மாட்டாரா?” என்று சிரித்தார் சிவநேசன்.

மூன்று மணிக்குப் படம் தொடங்கியது. திரையில் ‘இடைவேளை’ என்று வந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “பரவால்லயே, சீக்கிரமா விட்டுட்டாங்க” என்று வெளியே போனார். வாசலில், வட்டத்துக்குப் பலகாரம் செய்து தரும் பவுனம்மாள் மசால் வடையும் தேநீரும் வைத்திருந்தார். வாசனை உள்ளே வந்தது. அடுத்த ‘இடைவேளை’யில் பத்துப் பேர் எழுந்தார்கள். அதற்கடுத்ததில் ஒரு வரிசையே எழுந்தது.

யாராவது அவ்வப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். “இன்னும் இடைவேளைதான்” என்று மற்றவர்களுக்குச் சொல்வார்கள். கால் வலித்தபோது நாற்காலிகளையும் வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

யுகேந்திரன் வாசலுக்கு ஓடினார்.

“அண்ணே, உள்ள படம் ஓடுது.”

“தெரியுது. இடைவேளை முடிஞ்சதும் கூப்பிடுங்க” என்றார் பெரியவர்.

“இடைவேளைதாண்ணே படம்.”

“அப்ப நாங்க சரியாத்தானே செய்யறோம்?”

பெரியவருக்குப் பின்னால் சிவநேசனே வாய் நிறைய வடையோடு நின்றார். “உங்க படம் சக்சஸ் லா, யுகா! எந்தப் படத்துக்கு ஜனங்க இப்படிச் சொன்ன பேச்சு கேட்டிருக்காங்க?”

“கையெழுத்து?”

“அது விதி. விதியில நான் கை வைக்க முடியாது” என்று இன்னொரு வடைக்குக் கை நீட்டினார்.

யுகேந்திரன் தலை குனிந்து உள்ளே வந்தார். மண்டபத்தில் ஒரே ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது. அதில் பாவா உட்கார்ந்திருந்தார். கிள்ளானிலிருந்து லோரியில் வாடகை நாற்காலி கொண்டுவந்தவர். கைப்பேசியில் மனைவியிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“வரேன், முத்து பீவி. படம் பாக்குறேன்… என்ன படமா? அது இன்னும் தெரியல.”

“பாவா அண்ணே, வேலை இருந்தா போங்க” என்றார் யுகேந்திரன்.

“சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி கழுவணும். அது கிடக்கு பாஸ். நானும் போனா யாருமே இல்லயே.” பாவா இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். “இருபது வருஷமா நாற்காலி விடுறேன், இன்னிக்குத்தான் இவ்ளோ நேரம் நானே உக்காருறேன். இவ்ளோ வலிக்கும்னு ஒரு கஸ்டமரும் சொன்னதில்ல!”

யுகேந்திரன் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இறைவன் ஒருவருக்குத் துணை அனுப்ப நினைத்தால் அறிஞரைத்தான் அனுப்புவான் என்பதில்லை. நாற்காலிக்காரரையும் அனுப்புவான்.

பாவா கடைசி எழுத்துவரை அசையவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ‘கருத்து’ என்ற கட்டத்தில், “நல்ல ஓய்வு. இடுப்பு மட்டும் வலி” என்று எழுதினார். சிவநேசன் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார்.

வெளியே கிடந்த நாற்காலிகளில் தேநீர் கொட்டிக் காய்ந்திருந்தது. சட்னி அப்பியிருந்தது, எறும்பு வேறு. யுகேந்திரன் துடைக்கப் போனார்.

“விடுங்க பாஸ், உள்ள உங்களத் தேடுறாங்க. நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சு வந்து நானும் முத்து பீவியும் கழுவிப்போம்” என்று பாவா எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் யுகேந்திரன் அரைநாள் விடுப்பு எடுத்தார். ஒரு பிரஷ்ஷும் சோப்பும் இரண்டு பழைய துண்டுகளும் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினார். நாற்காலி வாடகை ரசீதில் இருந்த முகவரியைத் தேடிப் போனபோது பன்னிரண்டரை மணி. வீடு பூட்டியிருந்தது. பாவா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். முத்து பீவியையும் காணவில்லை. பின்பக்கக் கொட்டகைக்குக் கதவில்லை. கழுவாத நாற்காலிகள் அறுபதும் அங்கே கிடந்தன. பக்கத்தில் குழாய் இருந்தது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒவ்வொன்றாகத் தேய்த்தார், கவிழ்த்துக் காலையும் தேய்த்தார், வெயிலில் வைத்தார், துண்டால் துடைத்தார். முதுகு பிடித்துக்கொண்டபோது ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றார். காய்ந்தவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கினார்.

கடைசி அடுக்கை முடித்தபோது தொழுகை முடிந்து பள்ளிவாசல் பக்கமிருந்து மோட்டார்சைக்கிள்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. குழாயை இறுக மூடினார். ஈர உடம்பின் மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு, பின் சந்து வழியாக ஸ்டேஷனுக்கு நடந்தார்.