கூரைக் குதிரைக்கு என்ன நிறம்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கைமேல் சொட்டியது. ஆரஞ்சு நிறத்தில், இடதுகைப் பெருவிரலுக்குக் கொஞ்சம் பின்னால், ஒரே ஒரு துளி.

நான் ஏணி பிடிக்கிறவன். பால்டிமோரில் மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் ப்ரீக்னஸ் குதிரைப் பந்தயத்தில், வெற்றி மேடைக்கு மேலே ஒரு சின்னக் கோபுரமும் அதன் உச்சியில், காற்று வரும் பக்கம் முகம் திருப்பும் ஒரு காற்றுக்காட்டியும் உண்டு. தகரத்தில் வெட்டிய குதிரை, அதன்மேல் தகர ஜாக்கி. பந்தயம் முடிந்ததும் ஒருவர் ஏறி, ஜெயித்த குதிரைக்காரரின் நிறங்களை அந்த ஜாக்கி சட்டைமேல் பூச வேண்டும். அடுத்த மே வரை அந்த நிறம்தான் ஊருக்குச் சாம்பியன். ஏறுகிறவள் ஒடெஸ்ஸா பிரிஸ்கோ. கீழே நிற்கிறவன் நான். ஆக, கதை முழுக்க என் தலைக்கு முப்பது அடி மேலே நடந்தது. நீங்கள் படிக்கப்போவதில் பாதி நான் பார்க்காதது.

[இங்கே "ஆனாலும் அத்தனையும் உண்மை" என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.]

ஆட்களும், குதிரைகளும், அந்த ஆண்டின் முடிவும் நான் இட்டுக்கட்டியவை. பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்கு இந்தக் கதையே போதும்.

2

தொடக்கம் ஒன்று: "பொன் உருக்கி ஊற்றியது போன்ற வெயிலில் நகரம்..." இல்லை. அன்று மூட்டமாக இருந்தது. வெயில் எனக்கு எழுத வந்தது, அதனால் எழுதிவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "இந்த நாட்டில் ஜெயித்தவனைச் சும்மா விடமாட்டார்கள். இண்டியானாபொலிஸில் கார் ஓட்டி ஜெயித்தவன் எல்லார் முன்னாலும் பால் குடித்தாக வேண்டும். கூடைப்பந்தில் ஜெயித்த கல்லூரிப் பிள்ளைகள் கத்தரிக்கோலோடு ஏணியில் ஏறி வலையை வெட்டிக்கொண்டு போவார்கள் (அந்த ஏணியை யார் பிடிக்கிறார் என்று டிவியில் தேடித்தேடிப் பார்த்திருக்கிறேன், காட்டுவதே இல்லை). கோல்ஃபில் ஒரு பச்சைக் கோட்டை மாட்டிவிடுவார்கள், அளவு சரியோ இல்லையோ. ஹாக்கிக் கோப்பையில் பெயர் செதுக்கிச் செதுக்கி இடம் போதாமல் பழைய வளையத்தைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறார்கள். கெண்டக்கிக் குதிரைக்கு ரோஜாப் போர்வை. எங்கள் குதிரைக்கு மஞ்சள் பூப்போர்வை. நடுவில் கறுப்புக் கண் வைத்த பூ, இந்த மாநிலத்தின் பூ. மே மாதத்தில் அது பூக்காது. அதனால் வேறு பூவை வாங்கி, நடுவில் கறுப்பு தொட்டு வைத்து ஒப்பேற்றிய ஆண்டுகள் நிறைய. பெயிண்ட் இல்லாமல் எங்கள் ஊரில் சாம்பியன் உண்டாவதில்லை. தகரக் குதிரைமேலோ..."

இந்தத் தொடக்கம் இரண்டு பக்கம் போயிற்று. சிமென்ட் மூட்டை தூக்கினால்கூட இப்படி மூச்சு வாங்கியதில்லை. சுருக்கம் இதுதான்: மற்ற ஊர்களில் வரலாற்றைச் செதுக்குகிறார்கள். நாங்கள் போன வருஷத்துக்காரர் மேலேயே பூசிவிடுகிறோம்.

தொடக்கம் மூன்று, இதை வைத்துக்கொள்கிறேன்:

"என் டப்பாவையும் தெறந்து வையி, டெஸ்."

"எதுக்கு? ஈ விழவா?"

3

டப்பாவைத் திறக்கச் சொன்னவன் எல்வுட். ஒடெஸ்ஸாவின் தம்பி, அவளை டெஸ் என்றே கூப்பிடுகிறவன். முப்பத்தொரு வருஷமாகக் குதிரை லாயத்தில் வேலை. அவன் தேய்த்துக் குளிப்பாட்டிய குதிரை ஒன்றுகூடப் பெரிய பந்தயத்தில் முதலில் வந்ததில்லை. அன்று அவன் பொறுப்பில் இருந்த குதிரையின் பெயர் கடைசி பஸ். பதினான்கு குதிரைகள் ஓடின, பதினான்கு பேரின் நிறங்களும் ஒடெஸ்ஸாவிடம் டப்பா டப்பாவாக இருந்தன. கடைசி பஸ்ஸின் ஜாக்கி சட்டை கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. அந்த டப்பாவின் மூடியை யாரும் தொடவே இல்லை.

"முப்பத்தோரு வருஷமா சாணி அள்றேன். ஒரு தடவையாச்சும் நம்ம கலரு மேல ஏறக் கூடாதா?"

"பேரே கடைசி பஸ்ஸு, கண்ணு. அது என்னைக்கு மொத வந்துச்சு?"

எங்கள் ஊரில் எல்லாருமே 'கண்ணு'தான். போலீஸ்காரர் அபராதச் சீட்டு கொடுக்கும்போதும் கண்ணு என்றுதான் கொடுப்பார்.

"தெறந்தாத்தான் என்னவாம்?" என்றான் எல்வுட். "உன் ஸ்க்ரூடிரைவரு தேஞ்சா போயிடும்?"

அவள் நெம்பித் திறந்தாள். அவன் எட்டிப் பார்த்து, பாயசத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு லாயத்துக்கு ஓடினான்.

அப்போதுதான் மேற்பார்வையாளர் ஹாஸ்கெல் வந்தார். மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் வாக்கிடாக்கி.

"மிஸ் ஒடெஸ்ஸா, போன வருஷம் மாதிரி அவசரப்படாதீங்க. முடிவு விளக்கு பச்சையா எரியணும். அதுக்கு முன்னால பிரஷ்ஷு தகரத்துல பட்டுச்சுன்னா அடுத்த வருஷம் வேற ஆளுதான். சொல்லிட்டேன்."

"போன வருஷம் பட்டது என் முழங்கை, மிஸ்டர் ஹாஸ்கெல்."

"முழங்கையில நீலமா பெயிண்டு வந்துச்சு?"

அவள் பிரஷ்ஷை எடுத்துத் துணியில் துடைத்தாள். பதினோரு வருஷமாக அவள்தான் ஏறுகிறாள். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கழிப்பறைச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறாள். வருஷத்தில் அந்த ஒரு கால்மணி நேரம்தான் ஊரே அண்ணாந்து அவளைப் பார்க்கும். அதை விடுவதற்கு அவள் தயாராக இல்லை.

4

(எல்வுட்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கதைக்குள் இவன் ரொம்ப நல்லவனாகிக்கொண்டு போகிறான். மதியச் சாப்பாட்டின்போது, பொரித்த மீன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தவனிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். அடுத்த பகுதியையும்.

"என்னய்யா, அழுதேன்னு எழுதிருக்க?"

"அழுதியே."

"குதிரை வாலு கண்ணுல பட்டுச்சு."

"சரி, வாலுன்னு மாத்துறேன். கடைசியில லாயத்து கேட்டு கிட்ட திரும்பினியே, அப்ப என்ன பாத்த?"

மீன்முள்ளைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "எழுதுறவன் நீ. என்னைய வந்து கேக்குற?"

சந்தேகம் தீர்ந்தது. இவன் அவ்வளவு நல்லவன் இல்லை.)

5

பந்தயம். இதைப் பதினேழு தடவை வர்ணித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் குளம்பொலி இடியாக முழங்குகிறது. உண்மையில் ஏணியடியில் எனக்குக் கேட்டது ஜனக்கூச்சல் மட்டும்தான். அதன் நடுவில் ஒலிபெருக்கிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்: "கடைசி பஸ்! வெளிப்பக்கமா கடைசி பஸ்! கவர்னர் மருமகனா, கடைசி பஸ்ஸா? கடைசி பஸ்! மூக்கு நுனியில!"

(கவர்னர் மருமகன் என்பது ஒரு குதிரை. பணக்காரக் குதிரை. அதன் ஜாக்கி சட்டை பச்சை.)

எல்வுட் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வெற்றி மேடைக்கு வந்தான். நடந்து வந்தானா, குதிரை இழுத்து வந்ததா, தெரியாது. முகமெல்லாம் சேறு, முகமெல்லாம் பல். [குதிரை வால் பட்டுக் கண் கலங்கியிருந்தது.]

"டெஸ்! டெஸ்ஸு! பாத்தியா! பஸ்ஸு வந்துருச்சு!"

ஒடெஸ்ஸா ஏற்கெனவே மேலே போய்விட்டிருந்தாள், ஆரஞ்சு டப்பாவும், எதற்கும் இருக்கட்டும் என்று பச்சையும் இடுப்பில் தொங்க.

அப்போது பலகையில் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஆட்சேபம். திருப்பத்தில் கடைசி பஸ் குறுக்கே வந்து தன் வழியை மறித்ததாகக் கவர்னர் மருமகனின் ஜாக்கி புகார் சொல்லியிருந்தான். நடுவர்கள் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். திரும்பவும் பார்த்தார்கள். எட்டு நிமிஷம். எல்வுட் குதிரையை வட்டமாக நடத்தினான்.

மூன்றாவது நிமிஷத்தில் என் கைமேல் ஆரஞ்சு சொட்டியது.

6

இனி மேலே போகிறேன். எனக்கு உயரம் ஆகாது. எழுத்தில் ஏறும்போதே ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஒடெஸ்ஸா அவசரப்படவில்லை. அவள் தலைக்குள் உட்கார்ந்து சொல்கிறேன், கேளுங்கள். முதலில் அவள் குனிந்து தம்பியைப் பார்த்தாள். அங்கிருந்து அவன் ஒரு நிலக்கடலை அளவு தெரிந்தான். அந்தக் கடலை வட்டமாகச் சுற்றிக்கொண்டே, சுற்றுக்கு ஒருமுறை அண்ணாந்து தகரக் குதிரையைப் பார்த்தது. போன வருஷத்து நீலம் இன்னும் அதன்மேல் இருந்தது.

பிறகு அவள் காற்றைப் பார்த்தாள். தெற்கிலிருந்து அடித்தது. தகரக் குதிரை தெற்கே முகம் வைத்து நின்றது. அதன் இடப்பக்கம் காலரிக்கும், காமிராக்களுக்கும், ஹாஸ்கெலுக்கும். வலப்பக்கம் பின்னால் இருக்கும் லாயத்துக்கு. அந்தப் பக்கம் பார்க்க வைக்கோலும் குதிரைகளும்தான்.

'நடுவருங்க படம் பாக்கட்டும். அதுவரைக்கும் மொத வந்தது இவன்தானே?' என்று நினைத்தாள். [இதை அவள் நினைத்தாளோ இல்லையோ, நான் நினைத்தேன்.] பிரஷ்ஷை முக்கினாள். வலப்பக்கம், கழுத்துப்பட்டியிலிருந்து மணிக்கட்டு வரை, ஆரஞ்சு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் சொட்டும்.

"மேல என்ன பண்றீங்க?" கீழிருந்து ஹாஸ்கெல்.

"பழைய பெயிண்டத் தொடைக்கிறேன், மிஸ்டர் ஹாஸ்கெல்!"

நான் சொட்டு விழுந்த கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். ஏணியை ஒற்றைக் கையால் பிடித்த ஒரே தடவை அது. மன்னித்துவிடுங்கள்.

7

ஒலிபெருக்கி அறிவித்தது. கடைசி பஸ் இரண்டாவது. கவர்னர் மருமகன் முதலாவது. பச்சை விளக்கு எரிந்தது.

(இங்கே வேறொரு தீர்ப்பும் எழுதிப் பார்த்தேன். அதில் எல்வுட் ஜெயிக்கிறான், வாண வேடிக்கை நடக்கிறது, ஹாஸ்கெல் நடனமாடுகிறார். எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் படித்தால் ஒரு வரியும் நம்பும்படி இல்லை, ஹாஸ்கெலின் நடனத்தைத் தவிர.)

எல்வுட் குதிரையின் கழுத்தைத் தட்டினான். "விடு, ராசா. நீ ஓடினது ஓடினதுதான்," என்றான். வெற்றி மேடையை விட்டுக் குதிரையைத் திருப்பினான். லாயத்து கேட் அங்கிருந்து நானூறு அடி. குதிரையை நடத்துகிறவன் போகிற வழியில் திரும்பிப் பார்க்க மாட்டான். பார்த்தால் குதிரையும் திரும்பும். ஆனால் கேட்டுக்குள் நுழைந்ததும் தாழ் போட அவன் இந்தப் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். அப்போது நேர் எதிரே கோபுரக் கூரை. தகரக் குதிரையின் வலப்பக்கம்.

இது ஒடெஸ்ஸாவுக்குத் தெரியும்.

"பச்சை! பச்சை அடிங்க!" என்று ஹாஸ்கெல் கத்தினார். "டிவியில காட்டப் போறாங்க!"

அவள் அடித்தாள். இடப்பக்கம், காலரி பார்க்கிற பக்கம், அப்பழுக்கில்லாத பச்சை. பதினோரு வருஷத்தில் அவ்வளவு அழகாக அவள் அடித்ததில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். அவ்வளவு வேகமாகவும்.

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் மொதல்லயே அடிச்சாச்சு, மிஸ்டர் ஹாஸ்கெல்!"

பொய் இல்லை. ஹாஸ்கெலுக்குத் திருப்தி. மேடையில் கவர்னர் மருமகனுக்கு மஞ்சள் போர்வை போர்த்தினார்கள். சொந்தக்காரர் குடும்பம் வரிசை கட்டிப் புகைப்படத்துக்கு நின்றது. காமிராக்கள் மெதுவாக மேலே நிமிர்ந்தன.

ஒடெஸ்ஸா இறங்கவில்லை. தகரக் குதிரையின் வாலைக் கையால் பிடித்திருந்தாள். ஹாஸ்கெல் அதையும் பார்த்துவிட்டார்.

"கையை எடுங்க, மிஸ் ஒடெஸ்ஸா! படத்துல விழுது!"

கையை எடுத்தாள்.

8

இனி எல்லாம் காற்றின் கையில். தெற்கிலிருந்தே அடித்தால் ஊருக்குப் பச்சை, எல்வுட்டுக்கு ஆரஞ்சு. மாறி வடக்கிலிருந்து அடித்தால் தகரக் குதிரை ஒரு அரைச்சுற்று சுற்றும். நாடு முழுக்க டிவியில் ஆரஞ்சு, ஒடெஸ்ஸாவுக்கு வேலை இல்லை, எல்வுட் தாழ் போடத் திரும்பும்போது அவனுக்கு மிஞ்சுவது அந்தப் பச்சை.

முடிவு அ: காற்று மாறவில்லை. [சுலபம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

முடிவு ஆ: காற்று மாறியது. ஹாஸ்கெலின் வாக்கிடாக்கி கீழே விழுந்து... [வேண்டாம். அந்த மனுஷனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.]

முடிவு இ: காற்று பாதி மாறி, குதிரை நடுவில் விளிம்பாக நின்று, எந்தப் பக்கமும் யாருக்கும்...

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். சொந்தக்காரரின் மனைவி அகலமான தொப்பி போட்டிருந்தார். அதன் விளிம்பு மெல்லத் தூக்கியது. அவர் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் தலைக்கு மேலே கிரீச் என்று ஒரு சத்தம். காலரி ஒரே குரலில் 'ஓ' என்றது. கோப்பையைத் தூக்கினால் போடும் 'ஓ'வும் அதுதான், வேறொன்றைக் கண்டால் போடும் 'ஓ'வும் அதுதான். நான் அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே ஆள் இருக்கும்போது ஏணி பிடிக்கிறவன் ஏணியைத்தான் பார்ப்பான்.

அடுத்த வருஷம் யார் ஏறினார்கள் என்று கேட்காதீர்கள். அது முடிவைக் கொல்லைவழியாகக் கேட்பது.

எனக்கு வாய் காய்ந்துவிட்டது. இந்தக் கதைக்குள் இதுவரை காற்றை ஊதியது நான்தான், இதற்குமேல் ஊத என்னால் ஆகாது. எல்வுட் கேட்டைத் தாண்டிவிட்டான். குதிரையை உள்ளே விட்டாயிற்று, தாழைக் கையில் எடுத்தாயிற்று, திரும்பப் போகிறான்.

இனிக் காற்று உங்கள் வாயில். பார்த்து ஊதுங்கள்.