வாளியில் மிதந்த சோறு

கடைக்கார அக்காவுக்கு நான் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய். கடைப் பலகையில் சாக்பீஸால் ‘நெட்டையன்’ என்று என் பட்டப்பெயரை எழுதி, அதற்கு நேரே போட்டிருந்தாள். தலை நரைக்கிற வயதில் எழுத்துப் படித்தவன் நான். எழுத்துக் கூட்டி முழுசாக வாசித்த முதல் வரி அதுதான்.

மழை விட்டபாடில்லை. வயலில் முழங்காலளவு தண்ணீர். அது வடிந்து களையெடுப்பு தொடங்கும்வரை கூலி கிடையாது. வீட்டில் ஒரு வேளைக்குத்தான் அரிசி இருந்தது. அக்கா இன்னும் ஐந்து கிலோ கடனாகத் தந்தால்தான் பிள்ளைகள் இரண்டும் சாப்பிடும். முகத்தை நன்றாகத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். அந்த வேலை மட்டும் எனக்குப் பிறவியிலேயே வரும்.

“அக்கா, ரெண்டு நாளா வீட்ல அடுப்பே எரியல.”

எண்ணெய் அளந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “அப்படியா தம்பி? அப்ப காலையில உங்க வாளியில மிதந்தது என்ன, மல்லிகப்பூவா?”

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அக்காவிடம் இரண்டு மாடுகள் உண்டு. தெருவில் எல்லா வீட்டுக் கழுநீரையும் காலையில் அவளே வந்து எடுத்துப் போவாள். எந்த வீட்டில் என்ன வெந்தது, எவ்வளவு மிஞ்சியது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளிடமே போய்ப் பட்டினிக் கதை சொன்ன புத்திசாலி இந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

“சோத்தக் கொட்டுறவனுக்கு அரிசி கிடையாது. பழைய பாக்கியக் குடுத்துட்டு வா.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எகிறினேன். “அரிசி இல்லாத வீட்ல எதுக்கு இவ்வளவு வடிக்கிற?”

அவள் சின்ன மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். “யாருக்கு வடிச்சேன்? தொரைக்குத்தான். வேலை இருந்தா வயல்காரர் வீட்ல மூக்கு முட்டச் சாப்பாடு. இல்லாட்டி டீக்கடையில எவனாவது வாங்கித் தர்ற பன்னு. ராத்திரி வந்து பசியில்லம்பீங்க.”

“அப்ப குறைச்சு வடிக்க வேண்டியதுதானே?”

“ஒரு நாள் குறைச்சேன். அன்னிக்குன்னு பாத்துப் பசி வந்து தட்டு பறந்துச்சு. மிஞ்சினத மறுநாள் வச்சா, நேத்துச் சோத்த மனுசன் திம்பானான்னு கேள்வி. உங்களப் பாத்து இதுங்களும் மூஞ்சியச் சுளிக்குதுங்க.”

தட்டு பறந்தது உண்மை. பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்ததை நானே ஏறி எடுத்துவந்தேன். கோபம் நிறைய உண்டு, தட்டுதான் குறைவு.

அவள் சீப்பை வைத்துவிட்டு நேரே கடைக்கு நடந்தாள். நான் கொஞ்சம் தள்ளியே போனேன்.

“அக்கா, ரெண்டு வருசமா எங்க வாளிய எடுக்கிறீங்க. பாலுக்கு எங்ககிட்டயே காசு வாங்குறீங்க. மாடு தின்ன சோத்துக்கு என்ன குடுத்தீங்க?”

“ஏம்மா, கழுநீருக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?”

“கழுநீருக்கு வேணாம்க்கா. சோறுன்னு நாலு பேர் முன்னாடி நீங்கதான சொன்னீங்க.”

அந்த நாலு பேரும் இன்னும் அங்கேதான் நின்றார்கள், மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா பலகையை ஒரு தரம் பார்த்தாள். “சரி, பாதியக் கழிச்சுக்கிறேன். மீதிக்கும் இப்ப தர்ற அரிசிக்கும் சேத்து, மழை விடுற வரைக்கும் உன் புருசன் மாட்டுக் கொட்டகையச் சுத்தம் பண்ணட்டும். அஞ்சு கிலோவா?”

“மூணு போதும். இனிமே அளந்துதான் வடிப்பேன்.”

சாணி அள்ளினேன். கூடை ஒவ்வொன்றும் முதுகை ஒடித்தது. வேண்டாம் என்று நான் தள்ளிய சோறு இத்தனை கனம் கனக்கும் என்று யார் கண்டது? மறுநாள் இரவில் மனைவி முந்தின நாள் சோற்றை வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் என் வாயையே பார்த்தன. சுளிக்காமல் விழுங்கி, “நல்லாருக்கு” என்றேன். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் தின்ற மாடுகள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைகளும் கை வைத்தன.

வெயில் அடித்த அன்று கடைக்குப் போனேன். அக்கா ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏன் தம்பி, இப்பல்லாம் உங்க வாளியில வெறுந்தண்ணிதான் வருது. மாடு மொகத்தத் திருப்பிக்குது. எப்பயாச்சும் உனக்குப் பசியில்லன்னா...”

“பசிக்குதுக்கா” என்றேன்.

பெருமூச்சு விட்டபடி பலகையில் என் வரியைத் துடைத்தாள்.