நாற்பத்தொன்றாம் மைல் வரை

காயலான் கடை லெலண்ட், எஞ்சினை ஆட்டிவைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தொள்ளாயிரம் டாலர் என்று ஆரம்பித்தான். மார்லிஸ் முந்நூறு என்றாள். அவன் முகம் சுளிக்கவில்லை, அடக்க விலை என்று சத்தியம் செய்யவில்லை. "சரி, எடுத்துட்டுப் போ" என்றான். அங்கேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். எதிராளி ஒரே மூச்சில் இப்படி இறங்கினால் அவன் பொருளை விற்கவில்லை, கைகழுவுகிறான் என்று அர்த்தம்.

ஆனால் அவளுக்கு வேறு வழி இல்லை. அவளுடைய டீசல் பிக்கப்பின் பெட்டி புகைந்துபோயிருந்தது. வயோமிங்கில் அக்டோபர் பாதி கழிந்துவிட்டது. கோல்டர் கணவாயைப் பனி மூடுவதற்குள் பதினான்கு சினைக் கிடாரிகளை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கியாக வேண்டும். வறட்சி விட்டுவைத்தது அந்தப் பதினான்கைத்தான். இந்தப் பக்கம் கடிக்கப் புல் கிடையாது. புருஷன் ரால்ஃப் காளை முட்டி, இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தான். கிடாரிகள் கீழே போய்ச் சேர்ந்தால் பண்ணை உண்டு, சேராவிட்டால் பண்ணையும் போச்சு.

பெட்டியை மாட்டியவன் கொழுந்தன் ஓடெல். டீசல் எஞ்சினை முறுக்கேற்றுவதில் அந்த வட்டாரத்திலேயே கைதேர்ந்தவன்; அதைப் பற்றிப் பேசுவதில் அதைவிடக் கைதேர்ந்தவன். பழைய பெட்டி வாங்கினால் உள்ளே இருப்பதை முதலில் துடைத்துவிட வேண்டும். எவ்வளவு டீசல் பீய்ச்சுவது, எப்போது கியர் மாற்றுவது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். போதாததற்கு, ஓட்டுகிறவனின் காலும் கையும் எப்படிப் போகும் என்பதையும் அது நாளடைவில் கற்றுக்கொள்ளும். அடுத்தவன் பழக்கத்தை யாரும் தன் வண்டியில் வைத்துக்கொள்வதில்லை. இது தொழிலில் பாலபாடம். ஓடெல் துடைக்கவில்லை.

காலை பத்து மணிக்குக் கணவாயில் ஏறியபோது மேகம் சாலையில் இறங்கி உட்கார்ந்திருந்தது. பின்னால் முப்பத்திரண்டு அடி டிரெய்லர். கிடாரிகளையும் சேர்த்துப் பத்து டன். செங்குத்தான ஏற்றம் தொடங்கும் முன்பே பிக்கப் தானாகக் கியரைக் குறைத்து மூச்சுப் பிடித்துக்கொண்டது. மார்லிஸ் இன்னும் மிதிக்கவே இல்லை.

"பாத்தீங்களா அண்ணி? வெண்ணெய் மாதிரி போகுதில்ல?"

"நீ போட்ட டியூனா?"

"என்னோடதுன்னே வச்சுக்கோங்களேன்."

மேலே போகப் போக அவள் கவனித்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், அது கண்ணுக்குப் படுவதற்குள், எஞ்சின் அடங்கியது. ஒரு இடத்தில் காரணமே இல்லாமல் வேகம் குறைந்தது. மேகம் கொஞ்சம் விலகியதும் பார்த்தால் சாலை நடுவே ஒரு பெரிய குழி. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் தலை வைத்ததும், அவள் விசையைத் தொடாமலே எக்ஸாஸ்ட் பிரேக் விழுந்தது. புகை போகிற வழியை அடைத்து எஞ்சினையே வண்டிக்குக் கடிவாளமாக்கும் அந்த பிரேக்கின் தொண்டை கனைக்கும் சத்தம் மலையெல்லாம் எதிரொலித்தது. காலை பிரேக்கில் வைக்கும் வேலையே அவளுக்கு இல்லை. யாரோ மடியில் உட்கார்த்தி வைத்து ஓட்டுவது போல இருந்தது.

"ஓடெல், இந்தப் பெட்டியில வரைபடம் ஏதாச்சும் இருக்கா?"

"வரைபடமா? அதுக்குத் தெற்கு எது வடக்கு எதுன்னே தெரியாது அண்ணி. இரும்பு டப்பா."

"அப்ப இந்த ரோடு அதுக்கு எப்படித் தெரியுது?"

ஓடெல் தொப்பியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

"ஓடெல், நீ துடைச்சியா இல்லையா?"

"திறந்து பாத்தேன் அண்ணி. அவ்வளவு அழகா எழுதியிருந்தான். பாரம் இழுக்கறதுக்குன்னே ஒவ்வொரு வரியும் செதுக்கியிருந்தான். எனக்கே பொறாமையா போச்சு. அழிக்கக் கை வரலை."

"யார் எழுதினது?"

"கார்வின் பாஸ்கம்."

கார்வின் பாஸ்கம் பதினோரு வருஷம் இதே கணவாயில் வைக்கோல் இழுத்தவன். போன வசந்தத்தில் நாற்பத்தொன்றாம் மைல்கல்லில் வேலியை உடைத்துக்கொண்டு டிரெய்லரோடு பள்ளத்தில் போனவன்.

"செத்தவன் பெட்டியை என் வண்டியில மாட்டியிருக்கே."

"வாங்கினது நீங்க. மாட்டினது மட்டும்தான் நான்."

"வாயை மூடு. மைல்கல் எத்தனை?"

"இப்பதான் முப்பத்தெட்டு போச்சு. அண்ணி, பயப்படற மாதிரி என்ன இருக்கு? நம்ம ரெண்டு பேரையும் விட நல்லாதானே ஓட்டறான்... ஓட்டுது."

மார்லிஸ் யோசித்தாள். பதினோரு வருஷப் பழக்கம் உள்ளே இருக்கிறது, சரி. கடைசி நாளும் உள்ளேதானே இருக்கும்?

"அவன் விழுந்தப்போ என்ன பண்ணினானாம்?"

"யாருக்குத் தெரியும். டயர் தேய்ஞ்ச தடமே இல்லைன்னாங்க. எக்ஸாஸ்ட் பிரேக் விடுபட்டிருந்துதாம், கியர் மேல ஏறியிருந்துதாம். தூங்கிட்டான்னு சிலர். நெஞ்சு அடைச்சுதுன்னு சிலர். வேணும்னே விட்டான்னும் ஒரு பேச்சு..." ஓடெலுக்கும் இப்போது புரிந்துவிட்டது: அந்தக் கடைசி நாளையும் பெட்டி மறுபடி ஓட்டும். "அண்ணி, நிறுத்துங்க. நிறுத்திட்டு இப்பவே துடைச்சிடறேன்."

"எங்க நிறுத்த? ஓரமே இல்லை. பின்னாடி மர லாரி வருது, மேகத்துல நம்மளைப் பாக்கறதுக்குள்ள மேல ஏறிடுவான்."

"எஞ்சினை அணைச்சிடுங்க."

"அணைச்சா பிரேக் மிதிபடாம கல்லாயிடும். பத்து டன்னை உன் வாயால பிடிப்பியா?"

முப்பத்தொன்பதாம் மைல்கல். எக்ஸாஸ்ட் பிரேக் இன்னும் நிதானமாகக் கனைத்துக்கொண்டிருந்தது. இதுவரை கால் பிரேக்கை அவள் தொடவே இல்லை. அதனால் அது சில்லென்று முழு வலுவோடு இருந்தது. டிரெய்லருக்கென்று தனி பிரேக் உண்டு. முழங்காலுக்கு மேலே இருக்கும் சின்னக் கைப்பிடியை இழுத்தால் பிடிக்கும். அதன் கம்பி வேறு. பெட்டியின் கை அங்கே நீளாது.

"விளக்கை மின்னவிடு. பின்னால வர்றவனுக்குத் தெரியணும்" என்றவள், கைப்பிடியை இழுத்தாள். டிரெய்லர் உதறிக்கொண்டு பின்னுக்கு இழுத்தது. கிடாரிகளின் குளம்புகள் தகரத்தில் தடதடத்தன. காலையும் அழுத்தினாள். நாற்பது மைல் வேகம் இருபதாகி, இருபது பத்தாகி, கடைசியில் நடைவேகத்துக்கு வந்தது. பிரேக் தகடு தீயும் வாடை வண்டிக்குள் ஏறியது. மர லாரியின் ஹாரன் அலறியது. அவன் திட்டுவதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

நாற்பதாம் மைல்கல் போனது.

மேகத்தில் முதலில் தெரிந்தது வேலி. பழைய வேலிக்கு நடுவே ஒட்டுப்போட்ட மாதிரி முப்பது அடிக்குப் புதுத் தகரம். அதன் நேரே வந்ததும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் கனைப்பு பாதியில் நின்றது. கியர் தானாக ஒன்று ஏறியது, இன்னொன்று ஏறியது, இன்னொன்றும் ஏறியது. நடைவேகத்தில் எந்த வண்டியும் ஏறாத கியர் அது. எஞ்சின் நடுங்கவில்லை, முனகவில்லை. ஒரு நீண்ட பெருமூச்சோடு பிடியை விட்டது.

பத்து டன்னும் அவள் முதுகில் வந்து சாய்ந்தது.

அவள் கைப்பிடியைப் பிடுங்கிவிடுவது போல் இழுத்துக்கொண்டு, பிரேக்கின் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்றாள். ஓடெல் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து மலைப்பக்கம் திருப்பினான். புதுத் தகரம் ஜன்னலை ஒட்டி, எண்ணிப் பார்க்கக்கூடிய வேகத்தில், ஒவ்வொரு திருகாணியாக நகர்ந்து போனது. பிறகு பழைய வேலி வந்தது.

அதன்பின் பிக்கப்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. முதல் கியருக்கு விழுந்தது, திணறியது, வளைவுக்குள் பாதி போன பிறகு தடுமாறியது. நேற்றுத்தான் வண்டி பிடித்தவனைப் போல எதற்கெடுத்தாலும் அவள் காலையே எதிர்பார்த்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, பிரேக்கை ஆறவிட்டு, எட்டு மைலை அவள் ஒரு மணி நேரத்தில் இறக்கினாள்.

சமவெளியில் நிறுத்திக் கிடாரிகளை எண்ணினார்கள். பதினான்கும் நின்றன. மர லாரிக்காரன் ஜன்னலை இறக்கி, "பாட்டியா ஓட்டுது?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஓடெல், உள்ளே இருப்பதைப் படிக்கும் கையடக்கக் கருவியைப் பெட்டியில் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, இதைப் பாருங்க. பழகிய தூரம்னு ஒரு கணக்கு காட்டும். மாட்டினப்போ நாலு லட்சத்துக்கு மேல இருந்துது. இப்ப எட்டு மைல்."

"அவனோடது?"

"இல்லை. காலியாயிருச்சு. நான் தொடக்கூட இல்லை." "உள்ளே இருக்கறது முழுக்க நீங்கதான். துடைச்சிடட்டுமா?"

மார்லிஸ் மலையைத் திரும்பிப் பார்த்தாள். மேகம் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போக அவளுக்கு வேறு சாலை கிடையாது. இந்தக் குளிர்காலம் முழுக்க, தீவனத்தோடும் தீவனம் இல்லாமலும், இதில்தான் ஏறி இறங்க வேண்டும்.

"விட்டு வை" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"அந்த இடத்துல எப்படி நடைவேகத்துல போகணும்னு அது கத்துக்கட்டும். இந்தப் பெட்டி இன்னும் எத்தனை கை மாறுமோ."

"நீங்க விக்கப் போறீங்களா என்ன?"

"நான் விக்கமாட்டேன்" என்றாள் மார்லிஸ். "என் வண்டியைப் பள்ளத்துலேர்ந்து அள்ளிட்டு வர்றவன் விப்பான்."