ஆடிக்கு முந்தின நாள் போன லாரி

"ரிலீஸ் என்னிக்கு சார்? தேதியைச் சொல்லுங்க."

கேட்டே விட்டாள் சண்முகப்ரியா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்: அசெம்பிளி லைனுக்குள் போன் எடுத்துப் போகாதே, லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிப் போகாதே, கேம் பெட்டி கடைக்கு வருவது என்றைக்கு என்று மட்டும் யாரிடமும் எப்போதும் வாய் திறக்காதே. முதல் இரண்டுக்காவது மன்னிப்பு உண்டு.

வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார் புரொடக்‌ஷன் மேனேஜர் குமாரவேல். அவருக்கு எதிரே கஸ்டமர் கம்பெனியின் ஆள் ஹேமந்த். டிவியில் மாட்டி விளையாடும் அந்தப் பெட்டிக்குப் பெயர் வைப்பது, விலை வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் அவன் கம்பெனி. திருகு முடுக்கி, மூடி, அட்டைப்பெட்டியில் அடைத்துக் கொடுப்பது மட்டும்தான் ஒரகடத்தில் இருக்கும் இந்த ஃபாக்டரியின் வேலை.

"இன்னாமா, தெரிஞ்சுதான் கேக்கறியா?" என்றார் குமாரவேல்.

"தெரிஞ்சுதான் சார். என்னை பிளானிங்ல உக்கார வெச்சிருக்கீங்க. எந்த நாளுக்குன்னே தெரியாம இன்னாத்த பிளான் பண்றது? போன வாரம் ரெண்டு ஷிப்டுன்னீங்க. திங்கக்கிழமை ஒண்ணு போதும்னீங்க. நேத்து எல்லாருக்கும் ஓ.டி. இன்னிக்கு லைன் சும்மா கீது. எனக்கு தலையும் புரியல, வாலும் புரியல."

அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அங்கே இஞ்சினியரிங் சொல்லிக்கொடுத்தார்கள். மேலதிகாரியிடம் குழைந்து பேசுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கொதிப்புக்குக் காரணம் லைனில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் நிலா. காலையில் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிரியாக்கா, வல்லம் வடகால்ல ஒரு கம்பெனில எங்க நாப்பது பேரையும் கூப்பிடறாங்க. இன்னிக்கு ஷிப்ட் முடியறதுக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்றாள். "இங்க தீபாவளிக்கு ரிலீஸ்னா நாங்க அசைய மாட்டோம். தள்ளிப்போச்சுன்னு வை, கான்ட்ராக்ட்காரன் அடுத்த மாசமே வரவேணாம்னுடுவான். போயிட்டுத் திரும்பி வந்தாலும் இங்க சேத்துக்க மாட்டான். நீ ஆபீஸ்ல கீறியே, கேட்டுச் சொல்லுக்கா." சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் சண்முகப்ரியா. ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவளும் நம்பினாள்.

ஹேமந்த் கோபப்படவில்லை. வடையைப் பிட்டுக்கொண்டே, "தேதி இருக்கு. தீபாவளிக்கு முன்னாடி" என்றான். மென்று விழுங்கிவிட்டு, "அதாவது, இருந்தது" என்றான்.

"இருந்ததுன்னா?"

"எங்களுக்குப் போட்டியா ஒருத்தன் இருக்கான். அவனும் இதே மாதிரி ஒரு பெட்டி கொண்டுவர்றான். அவன் தீபாவளிக்கு இறங்கி விலையைச் சொல்லிட்டா, நாங்க அதுக்குக் கீழ ஒரு விலை வெச்சு பொங்கலுக்கு இறங்குவோம். அவன் இறங்கலைன்னா தீபாவளி எங்களுக்கு."

"அவங்க எப்ப இறங்கறாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க இங்க உக்காந்து வடை தின்னுட்டிருக்கேன்?"

"அவங்களும் உங்களைத்தானே பாத்துகினு இருப்பாங்க?"

"ஆமா."

"நீங்க அவங்களை."

"ஆமா."

"அப்ப யாருதான் சார் முதல்ல கால வைக்கிறது?"

ஹேமந்த் அடுத்த வடைக்குக் கையை நீட்டினான்.

"நல்லாருக்கு சார். நீங்க ரெண்டு கம்பெனியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு உக்காருங்க. நடுவுல எங்க பொண்ணுங்க இன்னா பண்ணும்? வல்லத்துல ஆடியிலயே வந்து சேருன்னு கூப்பிடறாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹேமந்த் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "வல்லத்துல எங்க?"

"ஏரிக்கரை ஓரமா, பச்சைக் கூரை போட்ட புது ஷெட்டு."

"அங்கதாங்க அவன் பெட்டி ரெடியாகுது! ஆடியில கூப்பிட்டா அதுல என்ன விசேஷம்?"

குமாரவேல் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பக்கம் ஆடியில புது வேலைக்குச் சேர யாருக்கும் மனசு வராது சார். அதனால கம்பெனிக்காரங்களும் ஆவணி பொறக்கட்டும்னு காத்துகினு இருப்பாங்க. ஆடியிலயே கூப்பிடறாங்கன்னா தலை போற அவசரம்."

"அப்ப அவன் தீபாவளிக்கு இறங்கறான்." ஹேமந்த் போனை எடுத்தான். "நாம பொங்கல்."

அவ்வளவுதானா? பொங்கல் என்றால் நாற்பது பேரும் வீட்டுக்கு. சண்முகப்ரியாவுக்கு ஒன்று உறுத்தியது. வல்லத்துக்காரர்களுக்கு ஏன் இந்த அவசரம்? ஆள் பிடிக்க வந்தவன் சொன்னதாக நிலா பஸ்ஸில் இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: உங்க கம்பெனியில முதல் லோடே போயிடுச்சாமே, நாங்கதான் பின்தங்கிட்டோம்.

எந்த லோடு? பெட்டிக்குள் போட வேண்டிய சாஃப்ட்வேரே இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம்தான் அந்த லாரி நினைவுக்கு வந்தது. ஆடி பிறப்பதற்கு முந்தின நாள். முதல் லோடு ஆடியில் கிளம்பக்கூடாது என்று குமாரவேல் ஒற்றைக்காலில் நின்றார். சரக்கு இல்லையே என்றார்கள். அட்டைப்பெட்டி இருக்கிறதே என்றார். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, காலிப் பெட்டிகளோடு ஸ்ரீபெரும்புதூர் ரோடு வரை போன லாரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின் கேட் வழியாக உள்ளே வந்தது. டிரைவர் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸும் போட்டிருந்தான்.

"சார், அவங்க பயந்தது நம்ம காலிப் பெட்டியைப் பாத்து சார்!" என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அது சாமி காரியம்மா," என்றார் குமாரவேல். குரல் இறங்கியிருந்தது.

"காலி லாரியைப் பாத்து அவங்க ஆளெடுக்கறாங்க. அவங்க ஆளெடுக்கறதைப் பாத்து நீங்க தள்ளிப் போடறீங்க. நீங்க தள்ளிப் போட்டதைப் பாத்து அவங்க..." மேலே போக முடியாமல் நின்றாள். கண்ணைக் கட்டி ராட்டினத்தில் ஏற்றியதுபோல் இருந்தது.

ஹேமந்த் முகம் மட்டும் மலர்ந்தது. "இருங்க, இருங்க. இந்த நாப்பது பேரும் போகலைன்னா? ஆடியில அவனுக்கு வேற ஆள் கிடைக்காது. லைன் ஓடாது, தள்ளித்தான் போடுவான். அப்ப தீபாவளி நமக்கு! நீங்க போய் அவங்ககிட்ட தீபாவளி கன்ஃபார்ம்னு சொல்லுங்க."

"கன்ஃபார்மா?"

"கன்ஃபார்ம் இல்ல. சொல்லுங்க."

"அவங்க இருந்துட்டு, வல்லத்துக்காரன் எப்படியாவது ஆள் பிடிச்சு இறங்கிட்டா?"

"அப்ப பொங்கல்."

"பொண்ணுங்க?"

"அது கான்ட்ராக்டர் விஷயம்," என்றான்.

குமாரவேல் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "பிரியா, உனக்கு பெர்மனென்ட் ஆர்டர் ரெடியாகினு கீது. அப்பாவை நெனச்சுப் பாரு. ஒரு வார்த்தைதானே, சொல்லிடு."

அப்பாவை நினைத்துப் பார்த்தாள். ஆர்டர் வந்ததும் தெருவுக்கே பிரியாணி போடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். வல்லத்திலும் இதே கூத்து நடக்கலாம், அவளுக்கென்ன தெரியும்? அங்கே இன்றைக்கு வேலை இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு பொய்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"எங்கம்மா போற?"

"லைனுக்கு."

"இன்னா சொல்லுவ?"

"இங்க தேதியே இல்ல, வல்லத்துக்குக் கிளம்புங்கடின்னு."

"அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல!"

"இவ்ளோ நாளும் எதுக்கு சார் பொறுப்பா இருந்தீங்க?"

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் ஹேமந்த் குரல் கேட்டது: "சரி சார், அவங்க போயிட்டா அவன் தீபாவளிக்கு இறங்குவான். ஆனா நாம அதை எதிர்பாக்கறோம்னு அவனுக்குத் தெரிஞ்சா..." மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை.