சனிக்கிழமை மருந்து

திங்கட்கிழமை காலையில் நான் கொட்டாவி விட்டால் போதும், இல்லத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். போதையிலிருந்து மீளும் தாய்மார்களுக்கான இல்லம் அது. பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் போய்ச் சேர்ந்தவள் நான். வலி மாத்திரையில் தொடங்கி ஊசிவரை போனவள். இப்போது அதற்கு மாற்றாக, தினமும் காலையில் நர்ஸ் அளந்து ஊற்றும் மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சனி, ஞாயிறு மட்டும் அக்கா வீடு. குடும்பமும் சேர்ந்து தேறினால்தான் தேறியதாக அர்த்தம் என்பார்கள் அங்கே. அதனால் அந்த இரண்டு நாள் மருந்தைப் பூட்டிய பெட்டியில் வைத்து அக்காவிடம் கொடுத்தனுப்புவார்கள். அவள் எடுத்துக் கொடுப்பாள், மிட்டாய் திருடிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்று குடிப்பேன்.

வம்பு வந்தது திங்கட்கிழமைகளில்தான். மூக்கு ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கால் ஒரு இடத்தில் நிற்காது. போதை இறங்கும்போது வருகிற அதே அவஸ்தை. அக்கா வீட்டில் எதையோ போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நர்ஸுக்குச் சந்தேகம். சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. அதற்கும் ஒரு சந்தேகம், வேறு யாருடையதையோ கொடுத்துவிட்டேனாம். அடுத்த வாரம் கழிப்பறைக் கதவைத் திறந்துவைத்து எதிரிலேயே நின்றாள். மானம் கப்பலேறியது.

எனக்கோ அக்காமேல் சந்தேகம். அவள் கொடுக்கும் மருந்து தொண்டையில் கசந்து நிற்பதே இல்லை. தண்ணீர் கலந்த பால் போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? மருந்து போதவில்லை என்று என்னைப் போன்ற ஒருத்தி சொன்னால் ஊரே ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்ளும்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் மகளுக்கென்று புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள், அலமாரி நிறைய கவுன். வாரக் கடைசியில் வந்துபோகிறவளுக்கு இத்தனை எதற்கு? என்னைக் கெட்டவளாகக் காட்டிவிட்டுப் பிள்ளையை அமுக்கிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

கடைசியில் அக்காவை வரவழைத்தார்கள். ஆலோசகர் அம்மா, டாக்டர், நாங்கள் இருவர். இப்படியே போனால் மகள் என்னோடு இருக்க முடியாது, இன்றே பெரியம்மாவிடம் விட்டுவிடுவதுதான் நல்லது, பிறக்கப்போவதைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம் என்றார் ஆலோசகர் அம்மா. சம்மதமா என்று அக்காவைக் கேட்டார். அவள் தலையை ஆட்டினால் போதும். நான் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள். மருந்தைக் குறைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதுதானே என்று கேட்டாள். அவர் இல்லையென்றார். திடீரென்று குறைந்தால் தாய் படும் பாட்டைப் பிள்ளையும் படும், குறைமாதத்தில் பிறந்துவிடவும் கூடும் என்றார்.

அக்காவின் முகம் செத்துப்போனது.

"நான்தான் பாதியைக் கீழ ஊத்திட்டுத் தண்ணி கலந்தேன். பிள்ளைக்கு அது விஷம்னு நெனச்சுட்டேன். இவ எதையும் தொடல. இவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்று மாலையே என் மகள் அவளுடையவள். அது அவளுக்குத் தெரியாததில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. கோபம்தான் அதிகம். நான் பட்ட அவஸ்தையெல்லாம் இவள் பாசத்தால் வந்த வினையா!

மகள் என்னோடேயே இருக்கட்டும் என்றார் ஆலோசகர் அம்மா. ஆனால் மருந்தை இனி அக்காவிடம் கொடுப்பதா என்று யோசித்தார். அக்கா நிமிரவே இல்லை.

"அவகிட்டயே குடுங்க," என்றேன். "ஆனா ஒவ்வொரு தடவையும் சீல் வெச்சுக் குடுங்க. என் கண்ணு முன்னாலதான் அதை உடைக்கணும்."

"என்னை நம்ப மாட்டே, இல்ல?" என்றாள் அக்கா.

"மாட்டேன்."

"நானும் உன்னை இன்னும் நம்பல," என்றாள்.

அதற்கப்புறம்தான் இருவரும் அழுதோம்.