கரும்பலகையில் ஏறிய வெற்றிலை

குயில்மலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் தேர்தல் என்றால் சும்மா இல்லை. பாராளுமன்றத்துக்கு யார் நிற்கிறார், யார் விழுகிறார் என்று அங்கே பலர் கவனிப்பதே கிடையாது. கவனித்து என்ன செய்ய, பிரஜாவுரிமை இல்லாத சனத்துக்கு ஏது ஓட்டு? சீட்டில் கோடு போட்டுப் பெட்டியில் போடுகிற சுகம் அவர்களுக்குச் சங்கத் தேர்தலில் மட்டும்தான் கிடைத்தது. கிடைத்ததை விடுவார்களா? இரண்டு தீபாவளியைச் சேர்த்துக் கொண்டாடுகிற மாதிரி நடத்துவார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் கீழ்க்கணக்கிலிருந்து கணபதியும் மேல்கணக்கிலிருந்து வீரய்யாவும் நின்றார்கள். ஹல்துமுல்லைக்கு மேலே மலையோடு ஒட்டிக் கிடக்கும் அந்தத் தோட்டத்துக்கு இரண்டே பிரிவு. பிரிவைக் கணக்கு என்பது அங்கத்தைய பேச்சு. கணபதி நல்ல மனுஷன், ஆனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அந்தக் குறைக்கு அவன் பிடித்து வைத்திருந்த ஆள்தான் சோலைமுத்து. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை விட அவன் நாக்குக்குக் கூர் அதிகம்.

“சண்ட இல்லாம தேர்தல் சூடு பிடிக்காது” என்று சோலைமுத்து முதல் நாளே சொல்லிவிட்டான். அன்று மாலையே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் கீழ் லயத்து வாசலில் நின்று ஒரு கேள்வியைப் போட்டான்.

“வருசா வருசம் கோயிலு தேரு மொதல்ல மேக்கணக்கத்தானே சுத்துது. நாம என்ன அவுகளுக்கு எளப்பமா?”

கோயில் இருப்பது மேல்கணக்கில். தேர் அங்கேதான் கிளம்பியாக வேண்டும். அது குழந்தைக்கும் தெரியும், சோலைமுத்துவுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டவர்களுக்குச் சுருக்கென்றது. ஒரு கிழமைக்குள் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்கள். மேல்கணக்காருக்கும் ரோஷம் வந்தது. கீழ்க்கணக்கில் லயம் அதிகம், ஆகவே பிரிந்தால் லாபம் கணபதிக்கு. சோலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டானா? ஜெயிக்கிற பக்கம்தான் சனம் சாயும் என்று அடுத்த வித்தையையும் எடுத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு இரண்டு கணக்கிலும் வீடு வீடாக ஏறினான். வெற்றிலை எடுத்த வீடெல்லாம் கணபதிக்கு என்று எண்ணினான். சந்தியில் இப்றாஹீம் முதலாளியின் தேத்தண்ணிக் கடையில், வெலிமடையிலிருந்து வரும் கிழங்கு, லீக்ஸ் விலை எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. அதில் பாதியை வாங்கி, ‘பத்து வீட்டில் ஏழு கணபதிக்கு’ என்று எழுத வைத்தான்.

“மெய்தானா சோலமுத்து?” என்று இப்றாஹீம் கேட்டார்.

“நானே போயி எண்ணுனேன் மொதலாளி.”

“எனக்கென்ன. கெழங்கு வெலையும் நாளைக்கு மாறத்தானே போகுது” என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஏழு எட்டானது. வீரய்யா ஆட்களின் மூஞ்சி தொங்கிப் போனது. சோலைமுத்து அன்றிலிருந்து துண்டைத் தோளில் போடாமல் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் அவன் மகள் பவளத்துக்குக் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளை மேல்கணக்கு ஆண்டிமுத்துவின் மகன், தேயிலை ஃபெக்டரியில் வேலை. பையனும் பெண்ணும் மனசார விரும்பிப் பெரியவர்கள் பேசி முடித்த இடம். தேர்தல் ஞாயிறு, முகூர்த்தம் புதன். மேல்கணக்கில் அழைப்பு வைக்க அவன் பெண்சாதி சிட்டம்மா தட்டோடு காலையில் போனவள், மத்தியானம் போனபடியே திரும்பினாள். தட்டில் ஒரு வெற்றிலை குறையவில்லை.

“என்னா புள்ள, யாரும் வீட்டுல இல்லியா?”

“எல்லாரும் இருந்தாங்க. வெத்தலையத்தான் எடுக்க மாட்டேங்கிறாங்க. ஒங்க வீட்டு வெத்தலைய எடுத்தா நாளைக்குப் பலகையில ஏத்திருவீகளாமே? கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, நான் என்னமோ பாம்பு கொண்டு போன மாதிரி.”

சோலைமுத்துவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சம்பந்தி வீட்டுக்கு நானே போகிறேன் என்று மிடுக்காகக் கிளம்பினான். ஆண்டிமுத்து பாய் விரித்து உட்கார வைத்தார், தேத்தண்ணி கொடுத்தார். தட்டைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

“சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. வீரய்யா எங்க அக்கா மவன். ஒங்க வெத்தலைய எடுத்தா அவன் மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது? எடுக்கலேன்னா கலியாணத்துக்கு எப்பிடி வர்றது?”

“தேர்தல் முடிஞ்சு எடுத்துக்குங்களேன்.”

“தேர்தல் முடிஞ்சா தேருப் பேச்சு முடிஞ்சிருமா? நாம அவுகள எளப்பம் பண்றோம்னு சொன்ன வீட்டுல எதுக்குப் பொண்ணு எடுக்குறேன்னு எங்க லயமே கேக்குது. பேசுன ஆளு நீங்க, நீங்கதான் அந்தப் பேச்சத் திரும்ப எடுக்கணும். இல்லேன்னா யோசிக்க வேண்டியதுதான்.”

யோசிக்க வேண்டியதுதான் என்ற சொல்லைக் கேட்டதும் சோலைமுத்து தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். இறக்கத்தில் விடுவிடென்று வீட்டுக்கு வந்தான். வாசலில் பவளம் நின்றாள். அழுது முடித்த முகம்.

“அப்பா, பத்து வீட்டுல ஏழுன்னு எண்ணுனீங்களே, அதுல அவுக வீடும் இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா” என்றான். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைத் தானே தின்றுவிட்டோமோ என்று பயந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சம்பள நாள். சந்திக்கடையில் இரண்டு கணக்கும் நிறைந்து நின்றது, ஆனால் உட்காரும் வாங்குகளைக்கூடப் பங்கு பிரித்துக்கொண்டு. சோலைமுத்து கையில் தட்டோடு போய், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பலகையை அழித்தான். அவசரத்தில் கிழங்கு விலையும் சேர்ந்து அழிந்தது.

“டேய், தேர்தலுக்கு ரெண்டு நாளு கெடக்கையில கழுத்தறுக்கிறியா?” என்று கணபதி எழுந்தான்.

“இருண்ணே, சொல்லிடுறேன். நான் போனப்ப ஆளு இருந்த வீட்டுல எல்லாம் வெத்தல எடுத்தாங்க. வீடு தேடி வந்தவன் வெத்தலைய யாரு வேணாம்பா? அதத்தான் ஓட்டுன்னு எண்ணுனேன். வீரய்யாண்ணனும் எடுத்தாரு. அவரையும் நமக்குன்னுதான் எண்ணி வச்சிருக்கேன்.”

முதலில் சிரித்தது வீரய்யாதான். பிறகு யார் எந்தக் கணக்கு என்று தெரியாமல் எல்லாரும் சிரித்தார்கள். கணபதிகூட அடக்கப் பார்த்து முடியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டான்.

“தேரு விசயமும் அப்பிடித்தான்” என்றான் சோலைமுத்து. “கோயிலு மேல இருக்கு, அங்கதான் கெளம்பும். தெரிஞ்சுதான் மூட்டி விட்டேன். புதங்கெழம எம் மவளுக்குக் கலியாணம். ஓட்ட நீங்க யாருக்கும் போடுங்க. இது அழைப்பு வெத்தல.”

தட்டை நீட்டினான். ஆண்டிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதல் வெற்றிலையை எடுத்தார். அடுத்து வீரய்யா எடுத்தான்.

“இதையும் எண்ணிறாதய்யா” என்றான்.

தட்டு காலியான பிறகு இப்றாஹீம் முதலாளி கடை வெற்றிலையை எடுத்து நிரப்பிக் கொடுத்தார். 

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சீட்டு எண்ணினார்கள். வீரய்யா கொஞ்ச ஓட்டில் ஜெயித்தான். கணபதி சோலைமுத்துவோடு பேச்சை நிறுத்தினான்; புதன்கிழமை மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பந்திக்குத் தண்ணீர் ஊற்றினான். மேல்கணக்கிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் தேர் இறங்குகிற பாதையிலேயே தப்பு மேளத்தோடு இறங்கி வந்தது. முதல் உலைச் சோறு தீர்ந்து, இரண்டாவதும் தீர்ந்து, சிட்டம்மா பக்கத்து லயங்களில் அரிசி கேட்டு ஓடினாள். பவளம் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் சோலைமுத்து அண்டா கழுவிக்கொண்டிருந்தான். விருந்துக்கு வந்திருந்த இப்றாஹீம் முதலாளி புறப்படுகிறபோது அவன் பக்கத்தில் நின்றார்.

“நல்ல சனம் சோலமுத்து. எத்தன பேரு வந்தீப்பாங்க?”

சோலைமுத்து நிமிர்ந்து, இன்னும் கலையாத கூட்டத்தைப் பார்த்தான்.

“எண்ணல மொதலாளி” என்றான்.