எய்ட் போஸ்ட்டில் எரிந்த லைட்

எங்கள் காலனி முக்கில் இருக்கிற போலீஸ் எய்ட் போஸ்ட்டுக்கு மூன்று மாதம் நான்தான் போலீஸ். சாயங்காலம் ஆறரைக்குக் கதவைத் திறந்து ட்யூப் லைட்டைப் போடுவேன். ஃபேனைச் சுற்றவிடுவேன். வாசலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூவை வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு எதிரே இருக்கிற என் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளை பெயிண்ட் அடித்திருந்ததால் வெளிச்சம் தெரியும், உள்ளே ஆளில்லாதது தெரியாது. காலையில் என் கடையைத் திறக்கும் முன் போய் எல்லாவற்றையும் அணைப்பேன்.

வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகிற ரோட்டில், டவுன் முடிந்தும் முடியாமலும் இருக்கிற காலனி எங்களுடையது. மழை தொடங்குவதற்கு முன் இரண்டே மாதத்தில் நான்கு வீடுகளில் பூட்டை உடைத்தார்கள். நடந்து போன பெண்களிடம் பைக்கில் வந்து செயின் அறுத்தார்கள். என் மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருந்த செம்புக் கம்பியை மொத்தமாக வாரிக்கொண்டு போனான் ஒருவன். அந்த நேரம் பார்த்துத்தான் எய்ட் போஸ்ட்டில் இருந்த இரண்டு போலீஸ்காரர்களையும் வேறு டியூட்டிக்கு எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனுக்கு நான்கு தடவை நடந்தோம். ஆளில்லை, இருக்கிறவர்களை வைத்து ஓட்டுகிறோம் என்றார்கள். பொய்யில்லை, எங்கள் புகாரை எழுதிக்கொண்டவருக்கே கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் வந்த யோசனைதான் இந்த லைட்.

கடைசியாக அங்கே டியூட்டி பார்த்த ஷைஜு, மேஜை நாற்காலியை எடுக்க ஆள் வரும், கொடுத்துவிடுங்கள் என்று சாவியை என் கடையில் விட்டுப் போயிருந்தார். யாரும் வரவில்லை. காலனி சங்கத் தலைவி சிசிலி டீச்சர் வீட்டில் சொந்த வீட்டுக்காரர்கள் ஏழு பேர் கூடிப் பேசி முடிவு செய்தோம். "ஆரோடும் பறயண்டா பூபதி," யாரிடமும் சொல்லாதே என்றார் டீச்சர். வாடகைக்கு இருக்கிறவர்களிடம் மூச்சே விடக்கூடாது என்று நான்தான் சேர்த்துச் சொன்னேன். இன்றைக்கு வருவார்கள், நாளைக்குப் போவார்கள், அவர்களில் எவன் துப்புக் கொடுக்கிறவனோ யாருக்குத் தெரியும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

லைட் நன்றாகவே வேலை செய்தது. பிறகு ஒரு வீட்டில்கூடப் பூட்டு உடையவில்லை. காலனியில் நடக்கும்போது என் நெஞ்சு கொஞ்சம் முன்னே போனது. ஒரே தொல்லை, சில பேர் நிஜமாகவே புகார் கொடுக்க வந்துவிடுவார்கள். தட்டிப் பார்ப்பார்கள், திறக்கவில்லை என்றால் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். காணாமல் போன ஆடு, பக்கத்து வீட்டுக்காரனின் வசவு, பஸ்ஸில் பறிபோன செல்போன். காலையில் பொறுக்கி வந்து கடை டிராயரில் போட்டு வைப்பேன்.

ஜூலையில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டு செல்வலட்சுமி வந்தாள். சின்னக்கானல் எஸ்டேட்டுப் பெண். அப்பா இல்லை, அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். இவள் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எல்லாம் பிடித்திருந்தும் படியிலேயே நின்றாள்.

"டூட்டி முடிஞ்சு பஸ் எறங்க ஏழரை ஆயிரும்ணே. இங்கன திருட்டுப் பயம் உண்டுன்னு லேப்ல சொல்லுதாங்க."

நான்கு மாதமாக அந்த மாடி காலியாகக் கிடந்தது. அவளை ஜன்னலுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

"அங்க பாரு கண்ணு, எதுத்தாப்புலயே போலீஸ் இருக்கறாங்க. ஏதாச்சும்னா நேரா அங்க ஓடு. கதவத் தட்டு."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் மனைவி பூவாத்தாள் மட்டும் அன்றைக்கு என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மழை விடாமல் அடித்தது. ஏழே முக்கால் இருக்கும். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தகர ஷீட்டில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே எதிர்ப்பக்கம் கதவைத் தட்டுகிறது கேட்டது. "சார், சார்" என்று ஒரு குரல்.

"ஏனுங்க, போயி என்னன்னு பாருங்க," என்றாள் பூவாத்தாள்.

"கம்முனு இரு. எவனோ கம்ப்ளெய்ண்ட் குடுக்க வந்திருப்பான். தட்டிப் பாத்துட்டுப் போயிருவான். நாம போயி நின்னா குட்டு ஒடஞ்சுரும்."

"பொம்பளப் புள்ள சத்தமாட்ட இருக்குதுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. தட்டில் இருந்த தோசையை முடித்தேன். அதற்குள் தட்டுகிற சத்தம் நின்றது. ஒரு பைக் கிளம்பிப் போனது. போய்விட்டார்கள் பார் என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவ எழுந்தேன்.

பூவாத்தாள் குடை எடுக்காமல் வெளியே ஓடினாள். அவள் கத்திய பிறகு நானும் ஓடினேன். எய்ட் போஸ்ட் படியில் செல்வலட்சுமி கிடந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு பேர் பைக்கில் விரட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு கேட்டைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறாள். அவள் நினைப்பில் வீட்டில் இருப்பது நான், அங்கே இருப்பது போலீஸ். செயினை இழுத்தபோது அவள் கதவுக் கைப்பிடியை விடவில்லை. விடவைப்பதற்காக ஹெல்மெட்டால் அந்தக் கையிலேயே அடித்திருக்கிறார்கள். வலது கை. தலைக்கு மேலே லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

பூவாத்தாளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஸ்டேஷன் ஜீப் வருவதற்குள் கதவைத் திறந்து லைட்டையும் ஃபேனையும் அணைத்தேன். ஷூவை எடுத்து வந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் சிசிலி டீச்சர் கூப்பிட்டார். விஷயம் வெளியே வந்தால் ஏழு குடும்பத்தின் மேலும் கேஸ் வரும், மிண்டாமல், வாயைத் திறக்காமல் இரு என்றார். சரி என்றேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னக்கானலிலிருந்து வந்திருந்த அவள் அம்மா மாரித்தாய் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். ஓடி வந்து தூக்கினது எங்கள் குடும்பம்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செல்வலட்சுமியின் கையில் முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். ஊசி பிடிக்கிற கை அது.

"அண்ணே, போலீஸ்காரங்க வந்து எழுதிட்டுப் போனாங்க," என்றாள். "உள்ள ஆள் இருந்தும் கதவத் தெறக்கலன்னு சொன்னேன். அந்த ரூம் பூட்டி மூணு மாசமாச்சு, பயத்துல ஒளறுதேங்கிறாங்க. அம்மையே நம்பல. லைட்டு எரிஞ்சுது, ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சுண்ணே. நீங்கதான எனக்கு மொதல்ல காட்டுனீங்க. நீங்களாச்சும் அவங்ககிட்ட சொல்லுங்க."

டீச்சரிடம் சரி என்றது ஞாபகம் வந்தது. ஆமாம், எரிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றும் தோன்றியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒளறல கண்ணு. லைட்டு எரிஞ்சுது. ஆனா உள்ள யாருமில்ல. மூணு மாசமா யாருமில்ல. தெனமும் அதப் போட்டு வெச்சது நானு."

மாரித்தாய்க்கு எதுவும் புரியவில்லை. மகள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்வலட்சுமி திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் எதையோ கணக்குப் போடுகிற மாதிரி கூரையைப் பார்த்தாள்.

"அப்ப நான் தட்டுறப்ப நீங்க எங்கண்ணே இருந்தீங்க?"

"ஊட்டுல."

"நான் தட்டுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு கண்ணு," என்றேன்.